உங்கள் துறையின் மின்சாரம், தண்ணீர், கழிவு: மாணவர்களே குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலோ கோவையிலோ படிப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். குப்பைக்கு யாரைப் பார்ப்பது என்பது மட்டும் மாறும். நான் வேலை செய்தது வேதியியல் துறையில், அதனால் லேப் பற்றிய பகுதி நீளமாக இருக்கும். தமிழ், வரலாறு, வணிகவியல் துறைக்காரர்கள் அதைத் தாண்டிப் போகலாம்.

முழுக் கல்லூரியையும் கையில் எடுக்காதீர்கள். ஒரு துறை போதும். ஒரு துறை என்றால் ஏழெட்டு அறை, ஒரு துறைத் தலைவர், ஒரு அட்டெண்டர், ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர். எதை மாற்ற வேண்டுமானாலும் யாரைக் கேட்பது என்று தெரிந்துவிடும். கல்லூரி அளவில் தொடங்கிய பலர் முதல் கமிட்டிக் கூட்டத்தோடு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று மரக்கன்று நடுவதையும் முதல் வேலையாக வைக்க வேண்டாம். ஜூனில் மழை பார்த்துக்கொள்ளும். ஏப்ரல், மே விடுமுறையில் யார் பார்த்துக்கொள்வார்? பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் கல்லூரியில் ஆள் இருக்காது. நடத்தான் வேண்டும் என்றால், கோடையில் தண்ணீர் ஊற்றப்போகிறவரின் பெயரை எழுதி வைத்துவிட்டு நடுங்கள்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஆட்கள்: ஐந்தாறு பேர் போதும், ஆனால் அதில் இரண்டு பேராவது முதலாண்டு மாணவர்களாக இருக்க வேண்டும். மூன்றாமாண்டுக்காரர்கள் ஜனவரிக்கு மேல் ப்ராஜெக்ட், இன்டர்னல் என்று காணாமல் போவார்கள், அப்புறம் கல்லூரியை விட்டே போவார்கள். ஒருவர் ஹாஸ்டலில் இருப்பவராக இருந்தால் நல்லது. ராத்திரி எந்த விளக்கு எரிகிறது என்று அவருக்குத்தான் தெரியும். மலையாளம் சரளமாக எழுதக்கூடிய ஒருவரும் வேண்டும். கேரளத்தில் மொழிச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதச் சட்டம் இடம் தருகிறது. தமிழிலேயே கொடுங்கள், கூடவே ஒரு மலையாளப் பிரதியும் இணைத்துவிட்டால் பஞ்சாயத்து அலுவலகத்தில் காகிதம் சீக்கிரம் நகரும்.

குடை: புதிதாக ஒரு கிளப் தொடங்காதீர்கள். என்.எஸ்.எஸ். யூனிட்டோ, கேரளக் கல்லூரிகளின் சுற்றுச்சூழல் அமைப்பான பூமித்ரசேனா கிளப்போ உங்கள் கல்லூரியில் ஏற்கனவே இருக்கலாம். அவற்றுக்கு ஒரு பொறுப்பாசிரியரும் ஒரு லெட்டர்பேடும் சிறிது நிதியும் இருக்கும். புதுக் கிளப்புக்கு இந்த மூன்றும் கிடைப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

அனுமதி: துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம். அதில் எண்ணிப் பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள். பணம், புதுப் பொருள், ஃபேன் மாற்றம் எதுவும் வேண்டாம். பணம் என்ற சொல் வந்ததுமே கடிதம் பிரின்சிபல், கவுன்சில், பெற்றோர்-ஆசிரியர் சங்கம் (பி.டி.ஏ.) என்று சுற்றப் போய்விடும். எண்ணுவதற்கு எந்தத் துறைத் தலைவரும் மறுப்புச் சொல்வதில்லை.

பொருட்கள்: பிளக்கில் செருகிப் பார்க்கும் எனர்ஜி மீட்டர் ஒன்று, கையில் தூக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று, லிட்டர் கோடு போட்ட வாளி, ஒரு மெஷரிங் சிலிண்டர், ஒரு நீள நோட்டு. மீட்டர் வாங்கும் முன் இயற்பியல் துறையில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும்.

காலம்: ஜூலையில் எண்ணத் தொடங்கி ஓணம் விடுமுறைக்கு முன் முடியுங்கள். மார்ச்சில் எல்லா ஃபேனும் முழு வேகத்தில் ஓடும், ஜூலை மழையில் பாதி நின்றிருக்கும். அதனால் மார்ச்சில் எண்ணிவிட்டு ஜூலையில் மறுபடி எண்ணி, பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று சொல்வது வெறும் மழைக் கணக்கு. ஜூலையை அடுத்த ஜூலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

2. சாவி வைத்திருப்பவரிடம் முதலில் பேசுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய், விளக்கை அணையுங்கள் என்று போஸ்டர் ஒட்டுவார்கள். காலையில் துறையைத் திறந்து மாலையில் பூட்டுகிறவர் அட்டெண்டர். தினமும் எல்லா ஸ்விட்சையும் அணைக்கிறவரும் அவர்தான். அவர் கண்ணுக்கு எதிரே அந்தப் போஸ்டர் தொங்கினால் என்ன நினைப்பார்? ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "இது யாருக்கு ஒட்டியிருக்கீங்க, எனக்கா?"

அட்டெண்டர், கூட்டிப் பெருக்கும் சேச்சி, கல்லூரி எலக்ட்ரீஷியன், இரவு வாட்ச்மேன் ஆகிய நான்கு பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள். எது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, எது ரிப்பேராகிக் கிடக்கிறது, எதை மாற்றினால் உங்களுக்கு வேலை குறையும் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். அவர்களுக்கு வேலை குறைகிற மாற்றம் நிற்கும், வேலை கூடுகிற மாற்றம் நீங்கள் திரும்பிப் பார்க்காத நாளில் பழையபடி ஆகிவிடும்.

இந்தப் பேச்சில் வரும் பதில்கள் எதிர்பாராதவையாக இருக்கும். பட்டப்பகலில் வராந்தா விளக்கு எரிவதற்குக் காரணம் அலட்சியம் என்று நினைத்திருப்போம். இருட்டான மாடிப்படிக்கும் வராந்தாவுக்கும் ஒரே ஸ்விட்ச் என்பதுதான் காரணமாக இருக்கும். அதற்கு எலக்ட்ரீஷியன் அரை நாள் வேலை செய்தால் தீர்ந்தது. நூறு போஸ்டர் ஒட்டினாலும் தீராது.

3. எண்ணுங்கள்

ஒவ்வொரு அறைக்கும் நோட்டில் ஒரு பக்கம். என்ன பொருள், எத்தனை, எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், வருடத்தில் எத்தனை நாள். இவற்றைப் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் சுமார். சோக் வைத்த பழைய 36 வாட் ட்யூப்லைட், சோக்கையும் சேர்த்து 50 வாட் வரை இழுக்கும். எல்.இ.டி. ட்யூப் 20 வாட்.

மணி நேரத்தை ஊகிக்காதீர்கள். கால அட்டவணையில் ஐந்து மணி நேரம் வகுப்பு என்றிருக்கும். இடைவேளையிலும் மதியமும் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு வாரம், ஒவ்வொரு இடைவேளையிலும் ஒருவர் ஒரு நடை போய்ப் பார்த்துக் குறித்தால் உண்மை தெரியும்.

ஃப்ரிட்ஜ், வாட்டர் கூலர், ஏசி ஆகியவற்றுக்கு லேபிளில் உள்ள வாட்டை எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்ப்ரசர் ஓடி ஓடி நிற்கும், அதனால் பெருக்கல் கணக்கு தப்பாகும். ஃப்ரிட்ஜையும் கூலரையும் பிளக் மீட்டரில் குறைந்தது ஒரு முழு நாள் வைத்துப் பாருங்கள், முடிந்தால் ஒரு வாரம். பெரிய ஏசிக்கும் த்ரீ ஃபேஸ் இயந்திரத்துக்கும் அந்தச் சின்ன மீட்டர் தாங்காது. அதை எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்கட்டும், மின்சாரம் பிரியும் பெட்டியான டி.பி.யை நீங்கள் திறக்கவே கூடாது.

அப்புறம் ராத்திரி நடை. துறை பூட்டிய பிறகு, ஏழு மணிக்கு மேல், வாட்ச்மேனோடு ஒரு சுற்று. வாட்டர் கூலர், அணைக்காத கம்ப்யூட்டர்கள், யு.பி.எஸ்., ரௌட்டர், ஃப்ரிட்ஜ் என்று இரவிலும் விடுமுறையிலும் ஓடுபவை தனிப் பட்டியல். பகலில் நாலு மணி நேரம் ஓடுகிற ஃபேனை எல்லாரும் பார்ப்பார்கள். 100 வாட் என்றாலும் வருடம் முழுக்க ஓடுகிற ஒன்று 876 யூனிட் தின்றுவிடும், அதை யாரும் பார்ப்பதில்லை.

தண்ணீருக்கு: சொட்டும் குழாயின் கீழ் மெஷரிங் சிலிண்டரைப் பத்து நிமிடம் வையுங்கள். வந்த அளவை 144ஆல் பெருக்கினால் ஒரு நாள் நஷ்டம். இது மழை நிழல் பகுதி, முக்கால்வாசி போர்வெல்லை நம்பிய வாழ்க்கை. பெருமாட்டிப் பஞ்சாயத்துப் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை 2004இல் மூடப்பட்டதே நிலத்தடி நீர்ச் சண்டையில்தான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் தண்ணீரின் அருமையை விளக்க வேண்டியதில்லை, எத்தனை லிட்டர் என்று காட்டினால் போதும்.

கல்லூரி பில்லையும் ஒரு முறை பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகளுக்கு வளாகம் முழுவதற்கும் ஒரே உயர் அழுத்த (ஹெச்.டி.) இணைப்பு, துறைக்கென்று தனி மீட்டர் கிடையாது. பில்லில் யூனிட் கட்டணம் தனி, அதிகபட்ச டிமாண்டுக்கான (ஒரே நேரத்தில் இழுத்த உச்ச அளவுக்கான) கட்டணம் தனி. புதியவர்கள் மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து, வந்த தொகையைச் சேமித்த யூனிட்டோடு பெருக்கி, இத்தனை ஆயிரம் மிச்சம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவர் அதை ஒரே பார்வையில் தட்டிவிடுவார். யூனிட் கட்டணத்தை மட்டும் பெருக்குங்கள். தொகை சிறிதாக வந்தாலும் அது நிற்கும்.

கரியமில வாயுக் கணக்கு கேட்டால், இந்திய மின்கட்டச் சராசரியாக யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இடுக்கி அணை இருக்கிறதே, நம் கரண்ட் எல்லாம் நீர்மின்சாரம்தானே என்று யாராவது கேட்பார்கள். கேரளம் தன் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது, அதனால் நாட்டுச் சராசரியே சரி.

4. காசு கேட்காத வேலைகள்

எண்ணி முடித்ததும் ரிப்போர்ட் எழுத உட்காராதீர்கள். முதலில் காசே தேவையில்லாத மூன்று நான்கு வேலைகளை முடித்துக் காட்டுங்கள். பிறகு பணம் கேட்கப் போகும்போது உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும்.

ஸ்விட்ச் போர்டில் எழுதுங்கள். எந்த ஸ்விட்ச் எந்த ஃபேன் என்று தெரியாததால்தான் ஒருவர் உட்கார்ந்தாலும் ஆறு ஃபேனும் சுற்றுகிறது. ஒரு டேப், ஒரு மார்க்கர் பேனா போதும். எண் போடுங்கள், சொல் வேண்டாம். தமிழா மலையாளமா என்ற கேள்வியே வராது.

ஜன்னலை மறைத்த அலமாரியை நகர்த்துங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கு மேற்காக அடிக்கிற ஊர் இது. அதைப் பழைய ரெக்கார்டு அடுக்கிய இரும்பு பீரோவால் அடைத்துவிட்டுப் பகலிலும் விளக்கும் ஃபேனும் போடுகிறோம். பீரோ நகர்த்த அட்டெண்டரின் சம்மதமும் நாலு பையன்களும் வேண்டும்.

ஏசி இருக்கும் கம்ப்யூட்டர் லேபில் 24 டிகிரி வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மின் சிக்கன அமைப்பின் கணக்கு. கூடவே ஒரு ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் யாரும் புகார் சொல்வதில்லை.

கம்ப்யூட்டர்களில் பத்து நிமிடத்தில் ஸ்லீப் போகும்படியும், பிரிண்டர் தானாகவே இரண்டு பக்கமும் அடிக்கும்படியும் செட்டிங்கை மாற்றுங்கள். தினம் தினம் ஒருவர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டியதை விட, ஒரு தடவை மாற்றினால் தானாக நடப்பதற்கே முதலிடம். நீங்கள் போன பிறகும் அது ஓடும்.

வாட்டர் கூலரை இரவில் அணைக்கலாமா என்று அட்டெண்டரைக் கேளுங்கள். ஒரு டைமர் ஸ்விட்ச் போட்டால் யாரும் ஞாபகம் வைக்க வேண்டாம். ஆனால் லேப் ஃப்ரிட்ஜையும் இன்குபேட்டரையும் தொடாதீர்கள். உள்ளே யாருடைய கல்ச்சர் இருக்கிறது, எந்த ரசாயனம் குளிரில் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரு எம்.எஸ்ஸி. மாணவியின் சாம்பிள் கெட்டுப்போனால் உங்கள் முயற்சிக்கு அந்தத் துறையில் அதோடு கதவு மூடிவிடும்.

5. காசு கேட்கும்போது எதை முதலில் கேட்பது

எல்லாரும் முதலில் கேட்பது பி.எல்.டி.சி. ஃபேன். 75 வாட்டுக்குப் பதில் 30 வாட், பாதிக்கு மேல் மிச்சம், கேட்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பறை ஃபேன் நாளுக்கு 6 மணி நேரம், வருடத்துக்கு 180 நாள் ஓடுகிறது என்றால் மிச்சம் 48 அல்லது 49 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் வருடம் 340 ரூபாய். ஃபேன் 3,000 ரூபாய் என்றால் போட்ட பணம் திரும்ப எட்டு ஒன்பது வருடம் ஆகும். அதே ஃபேன் ஹாஸ்டல் ரீடிங் ரூமில் நாளுக்கு 15 மணி நேரம், 300 நாள் ஓடினால் 200 யூனிட்டுக்கு மேல் மிச்சம், இரண்டு வருடம் சொச்சத்தில் காசு திரும்பிவிடும்.

ட்யூப்லைட் வேறு கதை. 50 வாட் போய் 20 வாட் வந்தால், நாளுக்கு 5 மணி நேரம், 180 நாளில் 27 யூனிட், ஏறக்குறைய 190 ரூபாய். ட்யூபின் விலையே 200, 250 ரூபாய்தான். ஒன்றரை வருடத்துக்குள் வந்துவிடும். ஆக, வகுப்பறையில் ட்யூப், நாள் முழுக்க ஆள் இருக்கும் இடத்தில் ஃபேன். வகுப்பறை ஃபேன் பழுதாகி மாற்றும்போது மட்டும் பி.எல்.டி.சி. வாங்கச் சொல்லி ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். அப்போது இரண்டு ஃபேனுக்கும் உள்ள விலை வித்தியாசம் மட்டும்தான் செலவு.

விலையும் கட்டணமும் உங்கள் ஊரில் இன்று என்ன என்று போட்டு இந்தக் கணக்கை நீங்களே திரும்பப் போடுங்கள். கடிதத்தில் ஒரே ஒரு பொருளைக் கேளுங்கள். சோலார் பேனல், மழைநீர்த் தொட்டி, ஃபேன், ட்யூப் என்று ஐந்தையும் அடுக்கினால் ஐந்தும் பரிசீலனையில் இருக்கும். பி.டி.ஏ. கூட்டம் எப்போது என்று விசாரித்து, அதற்கு இரண்டு வாரம் முன்பே கடிதம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

6. லேப்: தண்ணீரும் ரசாயனமும்

இந்தப் பகுதியில் எதையும் ஆசிரியர் இல்லாமல் செய்யக் கூடாது. உங்கள் வேலை அளப்பதும் யோசனை சொல்வதும்தான்.

முதலில் கண்டென்சர், அதாவது ஆவியைக் குளிர்விக்கும் கண்ணாடிக் குழாய். ரீஃப்ளக்ஸ், டிஸ்டிலேஷன் எல்லாவற்றிலும் குழாய்த் தண்ணீர் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் சிங்கில் கொட்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றாலும் மூன்று மணி நேரப் பிராக்டிகலில் ஒரு செட்டுக்கு 180 லிட்டர். எட்டு செட் என்றால் 1,440 லிட்டர் நல்ல தண்ணீர், ஒரு அழுக்கும் படாமல் சாக்கடைக்குப் போகிறது. ஏர் கூலரில் போடுகிற சின்ன மோட்டார் ஒன்றை வாளித் தண்ணீரில் முக்கி, அதே தண்ணீரைச் சுற்றவிட்டால் வேலை நடக்கும். தண்ணீர் சூடேறினால் வாளியை மாற்றுங்கள். அசிட்டோன், ஈதர் மாதிரி சீக்கிரம் ஆவியாகிறவற்றுக்கு ஐஸ் போடாமல் இதை முயல வேண்டாம். ட்யூபைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள், கழன்றால் பெஞ்ச் முழுக்கத் தண்ணீர், பக்கத்திலேயே பிளக் பாயிண்ட். மோட்டாரைச் செருகும் இணைப்பில், மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து டிஸ்டில்டு வாட்டர். மணிக்கு 4 லிட்டர் தரும் கருவிக்கு 3 கிலோவாட் ஹீட்டர் இருக்கும். ஒரு லிட்டருக்கு முக்கால் யூனிட். கூடவே குளிர்விக்கப் போகும் தண்ணீர், கிடைக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் பெரும்பாலும் பத்துப் பதினைந்து லிட்டருக்குக் குறையாது. அதை ஒரு டிரம்மில் பிடித்து, கண்ணாடிச் சாமான்களின் முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம். அட்டெண்டருக்கு வெதுவெதுப்பான தண்ணீர் கிடைக்கும், அவரே விட மாட்டார். அப்புறம், முதல் கழுவலுக்கே டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பழக்கம் முதலாண்டு லேபில் எப்போதும் உண்டு. குழாய்த் தண்ணீரில் கழுவி, கடைசியில் ஒரு தடவை மட்டும் வாஷ் பாட்டிலால் அலசினால் போதும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லித்தர ஆசிரியரைக் கேளுங்கள்.

டைட்ரேஷனில் 20 மில்லி பிப்பெட்டுக்குப் பதில் 10 மில்லி. ரசாயனம் பாதி, கழிவும் பாதி. பாடத்திட்டத்தில் அளவு குறித்திருந்தால் தேர்வுக்கு அதையே வைத்துக்கொண்டு, பயிற்சி வகுப்புகளில் மட்டும் மாற்றலாம். பிழை விகிதம் கூடுமே என்று சில ஆசிரியர்கள் தயங்குவார்கள், தயக்கம் நியாயமானதுதான். ஒரே கரைசலை இரண்டு அளவிலும் செய்து, வந்த விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், அவரே முடிவு செய்யட்டும்.

கழிவில் முதலில் பிரிக்க வேண்டியது டைக்ரோமேட். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் நச்சு. பல கல்லூரிகளில் லேப் சிங்க் போய்ச் சேர்வது உறிஞ்சு குழியில் (சோக் பிட்), அங்கிருந்து மண்ணுக்கு, அதே வளாகத்தில்தான் போர்வெல்லும். டைட்ரேஷன் முடிந்ததும் மிச்சத்தைச் சிங்கில் ஊற்றாமல் லேபிள் ஒட்டிய கேனில் சேர்க்க வேண்டும். ப்யூரெட்டில் மீந்ததைத்தான் எல்லாரும் மறப்பார்கள். குடுவையில் உள்ளது வினையில் பெரும்பாலும் பச்சை நிறக் குரோமியமாக மாறியிருக்கும், ப்யூரெட்டில் இருப்பது மாறாத ஆரஞ்சு, அதுதான் ஆபத்து. கேன் நிறைந்ததும் ஆசிரியர் அமிலச் சூழலில் சோடியம் பைசல்பைட் சேர்த்துப் பச்சையாக்கி, சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்கலாம். அந்தச் சேறும் குப்பைத் தொட்டிக்கு அல்ல. மூடி வைத்து, அபாயகரக் கழிவாக அனுப்ப வேண்டும். கேரளத்தில் அதற்கான பொது நிலையம் கொச்சி அம்பலமேட்டில் இருக்கிறது. ஒரு துறையின் ஒரு கேனுக்கு யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். மற்றத் துறைகளோடு, முடிந்தால் பக்கத்துக் கல்லூரியோடும் சேர்த்து அனுப்பப் பிரின்சிபல் வழியாகப் பேசுங்கள்.

வெள்ளி நைட்ரேட் கழிவைத் தனி பாட்டிலில் சேருங்கள், உப்புக் கரைசல் சேர்த்தால் வெள்ளி வெண்மையாக வீழ்ந்துவிடும். குளோரோஃபார்ம் மாதிரி ஹாலஜன் உள்ள கரைப்பான்களை மற்றவற்றோடு கலக்காதீர்கள். ப்ளீச்சிங் கரைசலையும் அமிலத்தையும் ஒரே கேனில் ஊற்றினால் குளோரின் வாயு வரும். கேனில் லேபிள் இல்லை என்றால் ஊற்றவே வேண்டாம்.

7. குப்பை: யாரிடம் கொடுப்பது

தொட்டி வாங்கும் முன், எடுத்துக்கொண்டு போக யார் வருகிறார்கள் என்று பாருங்கள். நாலு நிறத்தில் தொட்டி வைத்து, மாலையில் நாலும் ஒரே சாக்கில் விழுவதைப் பல கல்லூரிகளில் பார்க்கலாம். இரண்டு வழியாகக் கொண்டுபோக ஆள் இருந்தால் இரண்டு தொட்டிதான்.

கேரளப் பக்கம் உலர்ந்த கழிவை, உள்ளாட்சியின் கழிவு சேகரிப்புக் குழுவான ஹரித கர்ம சேனா சேச்சிகள் எடுப்பார்கள். நிறுவனங்களுக்கு மாதக் கட்டணம் உண்டு, ரசீதைக் கோப்பில் வையுங்கள். சோறு ஒட்டிய கவரை அவர்கள் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. பால் கவர், ஸ்நாக்ஸ் கவர் எல்லாம் கழுவிக் காய வைத்திருக்க வேண்டும். எந்த மாதம் எந்த வகைப் பொருள் எடுப்பார்கள் என்று ஒரு அட்டவணை வைத்திருப்பார்கள், அதன் நகலைத் தொட்டிக்கு மேல் ஒட்டுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் கிராமப் பஞ்சாயத்து என்றால் தூய்மைக் காவலர்களிடமும், நகரம் என்றால் நகராட்சியிலும் கேட்க வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர், கெட்டுப்போன யு.பி.எஸ். பேட்டரி ஆகியவற்றை பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க்காரரிடம் தள்ளிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, கல்லூரி மாதிரி நிறைய மின்னணுப் பொருள் வைத்திருக்கும் இடங்கள் அதைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரில் ஒருவருக்கே கொடுக்க வேண்டும். பேட்டரிக்குத் தனி விதிகள் உண்டு, அதையும் பதிவு பெற்றவர்களிடமே சேர்க்க வேண்டும். எல்லை ஊரில் இன்னொரு சிக்கல்: இங்கே ஏற்றியது அங்கே கொட்டப்படலாம். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர் பக்கம் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் கேரளத்தைத் திரும்ப அள்ளிப்போகச் சொன்னது எல்லாருக்கும் நினைவிருக்கும். குப்பைக்குள் கிடந்த காகிதங்களில் மருத்துவமனைப் பெயர்கள் இருந்தன. உங்கள் கல்லூரிப் பெயர் எழுதிய ரெக்கார்டு நோட்டும் அப்படிக் கிடக்கலாம்.

அரசுக் கல்லூரியில் ஸ்டாக் ரிஜிஸ்டரில் உள்ள எதையும் கண்டம் செய்யாமல், அதாவது இனி பயன்படாது என்று பதிந்து கழிக்காமல், வெளியே கொடுக்க முடியாது. அதற்குக் கமிட்டி, கையெழுத்து, மாதக்கணக்கு என்று இழுக்கும். நீங்கள் உதவக்கூடியது ஒன்றுதான். பழுதான ஒவ்வொரு பொருளுக்கும் ஸ்டாக் ரிஜிஸ்டர் பக்க எண்ணையும் வரிசை எண்ணையும் தேடிப் பட்டியல் போட்டுக் கொடுங்கள். வேலை நிற்பது எப்போதும் அந்தத் தேடலில்தான்.

8. துறை விழாக்கள்

அசோசியேஷன் தொடக்க விழா, ஓணம், பொங்கல், சீனியர்களுக்கு வழியனுப்பு. ஒரு மாதக் குப்பை ஒரே நாளில் சேர்வது இந்த நாட்களில்தான். பேசுவதென்றால் விழாக் கமிட்டி பணம் வசூலிக்கும் முன் பேசுங்கள். வாங்கிவிட்ட பேப்பர் கப்பை வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது.

பி.வி.சி. ஃபிளெக்ஸுக்குக் கேரளத்தில் தடை உண்டு. துணி பேனர் அடியுங்கள், அதில் துறையின் பெயர் மட்டும். தேதியும் விழாவின் பெயரும் ஒரு சார்ட் தாளில் எழுதிக் குத்திக்கொள்ளலாம், பேனர் பல வருடம் வரும். பேப்பர் கப்பின் உட்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அதனால் ஸ்டீல் டம்ளர் வாடகைக்கு எடுங்கள், ஆனால் யார் கழுவுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். அது கடைசியில் அட்டெண்டர் அக்காவின் தலையில் விழுந்தால் அடுத்த வருடம் பேப்பர் கப்தான்.

ஓணத்துக்குப் போடும் அத்தப்பூக் கோலத்தில் சாயம் போட்ட உப்பை நிரப்பும் பழக்கம் பரவியிருக்கிறது. அதைச் செடிக்கடியில் கொட்டினால் செடி பட்டுப்போகும். பூ மட்டும் என்றால் அப்படியே உரக்குழிக்குப் போகலாம். கோவையிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் பூ வருகிற பாதையில் இருக்கிறோம், நமக்கென்ன பூப்பஞ்சம்?

9. தாள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் ட்ராஃப்டைப் பிடிஎஃப்பில் திருத்தித் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். இறுதிப் பிரதி ஒரு பக்கம்தான் அடிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக விதி இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், துறையில் தங்கும் பிரதிகளை மட்டும் இருபக்கமாக்குங்கள். ரெக்கார்டு நோட்டுக்குப் பிளாஸ்டிக் ஷீட் அட்டை கட்டாயம் என்று ஒரு பழக்கம் இருக்கும். அது யார் போட்ட விதி என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

10. கைமாற்றுதல்

இதைக் கடைசியாக எழுதியிருந்தாலும் டிசம்பரிலேயே தொடங்குங்கள். மார்ச்சில் யாருக்கும் நேரம் இருக்காது.

ஒரு கோப்பு துறை அலமாரியில் இருக்க வேண்டும். அதில் எண்ணிக்கை நோட்டு, அனுமதிக் கடிதம், ஹரித கர்ம சேனா ரசீதுகள், செய்து முடித்தவை, கேட்டும் கிடைக்காதவை. கிடைக்காததற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த அணி அதே கடிதத்தை அதே ஆளிடம் கொண்டுபோய் அதே பதிலை வாங்கி வரும். இந்தக் கோப்பின் ஒரு நகலை, கல்லூரியின் உள் தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யின் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கும் நாக் மதிப்பீட்டில் சுற்றுச்சூழல், மின்சாரத் தணிக்கை பற்றிக் கேட்பார்கள். அந்தத் தேவை இருக்கும்வரை உங்கள் கோப்பைத் தூக்கிப் போட மாட்டார்கள்.

எக்செல் கணக்கைத் துறையின் மின்னஞ்சலில் வையுங்கள், உங்கள் சொந்தக் கணக்கில் வேண்டாம். படித்து முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போனவரிடம் பாஸ்வேர்டு கேட்டு அலைவது பெரிய தொல்லை.

அடுத்த ஜூலையில் எண்ணும்போது பழைய ஆள் ஒருவர் கூட நடக்க வேண்டும். எந்த அறையில் எதை எப்படி அளந்தோம் என்பது நோட்டில் முழுதாக வராது. மீட்டரை எந்தப் பிளக்கில் செருகினோம், இடைவேளை நடையை எந்த மணிக்குத் தொடங்கினோம் என்பது மாறினால் இரண்டு வருட எண்களை ஒப்பிட முடியாது.

வாங்கிய பிளக் மீட்டரையும் தராசையும் அன்றைக்கே துறையின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவாகாத பொருள் யாராவது ஒருவரின் பையில் வீட்டுக்குப் போய்விடும்.